வீட்டு அடுப்பில் சமைத்து விற்போர் குறித்து உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காசிமேட்டில் வாங்கும் நெத்திலிக் கருவாட்டில் தொக்கு செய்து விற்று வருகிறேன். வீட்டில் செய்யும் பண்டத்துக்குக் கட்டுப்பாடே கூடாது என்று வாதாட இதை எழுதவில்லை. சென்ற மழைக்காலத்தில் நான் கொடுத்த பாட்டில் ஒன்று, திறந்த நான்காம் நாளே பூஞ்சை பூத்துத் திரும்பி வந்தது. வெயில் இல்லாத நாளில் கழுவிய பாட்டிலைத் துணியால் துடைத்துவிட்டு நிரப்பியிருந்தேன், பிழை என்னுடையதே. மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதந்தால் தொக்கு கெடாது என்பது என் மாமியார் கற்றுத்தந்த கணக்கு. அடியில் தங்கிய ஈரத்தை அந்த எண்ணெய் என்ன செய்யும்?

ஆகவே பதிவு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி 2011இல் வந்த ஒழுங்குமுறைகள், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்கும் சிறு வணிகரிடம் உரிமம் கேட்காமல், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவை மட்டுமே கேட்டன. அந்த நூறு ரூபாய்ப் பதிவுக்குத் தெருமுனைக் கணினி மையம் ஒன்றில் நான் கொடுத்தது 2,500 ரூபாய். (ரசீது கேட்கத் தோன்றாதது என் அசட்டுத்தனம்.)

பணத்தைக்கூட விட்டுவிடலாம், வீட்டுக்காரர்தான் பெரிய தடை. முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டால், மின்வாரியம் வீட்டு மீட்டரை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடும் என்று அஞ்சி, ‘விற்பதாயின் வீட்டைக் காலி செய்’ என்கிறார். இட்லி மாவு அரைப்பவரும் முறுக்குச் சுடுபவருமாக எங்கள் தெருவில் பலர் பதிவில்லாமல் விற்பது இதற்கு அஞ்சியே.

குடும்ப அட்டையையே முகவரிச் சான்றாக ஏற்று, மாதம் ஒரு நாளாவது வார்டு அலுவலகத்தில் தங்கள் அலுவலர்களே பதிவு செய்து கொடுக்க வேண்டுகிறேன். ஆய்வுக்கு வருவோர் தனிச் சமையலறை எங்கே என்று கேட்டால் எங்களில் எவரிடமும் விடை இராது. அந்த 2011 ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணையின் முதல் பகுதி சிறு வணிகரிடம் எதிர்பார்ப்பது அடிப்படைச் சுகாதாரத்தை. அதன்படி லாரித் தண்ணீர் பிடிக்கும் டிரம்மையும், பொரித்த எண்ணெயையும், காயவைத்த பாட்டிலையும் பார்க்கட்டும். முதல் முகாமை ஐப்பசி மழை தொடங்குமுன் நடத்தினால் நலம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தொக்கு வியாபாரி