லேசிக்குக்கு முன் எடுக்க வேண்டிய படம்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய மூன்று கண்ணாடிச் சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றரை ஆண்டுக்குள் இடக்கண்ணின் சிலிண்டர் பவர், அதாவது சமமற்ற வளைவைச் சரிசெய்யும் பவர், ஒன்றேகாலிலிருந்து மூன்றரைக்கு ஏறியிருக்கிறது. அந்தப் பவர் அமையும் கோணமான அச்சும் ஒவ்வொரு முறையும் இடம் மாறியிருக்கிறது. வலக்கண்ணில் மாற்றம் சொற்பம். தீபாவளி விடுமுறையில் லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியை விட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். முப்பது ஆண்டுகள் கண் மருத்துவமனையில் பவர் பார்த்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தின், வளைவை வண்ணத்தில் காட்டும் டோபோகிராபி படத்தை மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை அதற்குப் பணம் கட்டாதே. எனக்குக் கெரட்டோகோனஸ் என்று சந்தேகம்.

உருண்டையாக இருக்க வேண்டிய கருவிழி மெலிந்து, கூம்பு போல முன்தள்ளுவதே இந்நோய். கருவிழி நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான்; மைக்ரானில் சொன்னால் 540 அளவில் இருக்கும். அதன் வளைவு பெரும்பாலோருக்கு 43, 44 டயாப்டரை (ஒளியை வளைக்கும் திறனின் அலகு) ஒட்டி வரும். நோய் கண்டவர்களுக்குக் கனம் குறைந்துகொண்டும் வளைவு கூடிக்கொண்டும் போகும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, முப்பதைத் தாண்டும் வரை வளர்ந்து, பிறகு மெல்ல அடங்கும். இரண்டு கண்ணையும் பிடிக்கும், ஆனால் சமமாகப் பிடிக்காது. உன் சீட்டுகளில் என்னை உறுத்தியது இதுதான்.

இப்படி வருகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: இரவில் தெருவிளக்கு வால்விட்டுத் தெரிகிறது, ஒரு கண்ணை மூடினாலும் எழுத்துக்கு நிழல் விழுகிறது, புதுக் கண்ணாடி போட்டும் கடைசி வரி பிடிபடவில்லை. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பின் ஒளியை அசைத்தால், ஒரே திசையில் நகர வேண்டிய நிழல் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடும். அதைக் கண்டதும் நான் லென்ஸ் பெட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். அவர் ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் கூம்பின் அடியைச் சுற்றிப் பழுப்பான இரும்புப் படிவையும், கருவிழியின் ஆழத்தில் நெடுக்காக ஓடும் மெல்லிய கோடுகளையும் தேடுவார். கீழே பார்க்கச் சொன்னால் கீழிமை ஆங்கில 'வி' எழுத்துப் போலப் பிதுங்குவது முற்றிய நிலை. தொடக்கத்தில் இவை எதுவும் இல்லாமல், டோபோகிராபியில் மட்டும் கீழ்ப்பகுதி செங்குத்தாகத் தெரிவதும் உண்டு. கண்ணாடியில் முகம் பார்த்து ஒன்றுமில்லை என்று நீயே முடிவுகட்டிவிடாதே.

லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கைத் திறந்து, உள்ளிருக்கும் திசுவை லேசரால் செதுக்குகிறார்கள். ஏற்கெனவே மெலிந்துவரும் சுவரைச் சுரண்டினால் அது இன்னும் வேகமாகத் தள்ளும்.

ஒன்றைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்து வயதில் ஒவ்வொரு கோடையிலும் உனக்குக் கண் சிவந்து அரிக்கும். நீ விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பாய். சொட்டு மருந்து போட்டதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஒவ்வாமையும் கண் கசக்கும் பழக்கமும் உள்ளவர்களிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது தெரிந்திருந்தும், ஊரார் பிள்ளைகளிடம் சொன்ன கண்டிப்பை வீட்டில் காட்டவில்லை. இப்போதாவது கையை எடு. அரித்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வை. ஒவ்வாமைக்கான சொட்டு மருந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்.

சந்தேகம் உறுதியானாலும் கலங்காதே. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட முறை இன்று நம் ஊர்களிலும் நடக்கிறது. ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டை ஊறவிட்டு, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, கருவிழியின் இழைகளை இறுக்குகிறார்கள். கிராஸ்லிங்கிங் என்று பெயர். அது நோயை நிறுத்துவதற்குத்தான், பார்வையைத் திருப்பித் தருவதற்கன்று. வழக்கமான முறைக்கு 400 மைக்ரானாவது கனம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். பார்வைக்குக் கடின கான்டாக்ட் லென்ஸ் அல்லது, கண்ணின் வெள்ளைப் பகுதியில் தங்கும் ஸ்கிளீரல் லென்ஸ் உண்டு. தழும்பு விழுந்தவர்களுக்கே பெரும்பாலும் கருவிழி மாற்றம் தேவைப்படும்.

நீ விளையாடப் போகும்போது போடும் சாஃப்ட் லென்ஸ் படத்தின் அளவுகளைக் குழப்பும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள். பழைய சீட்டுகள் மூன்றையும் கொண்டுபோ. குடும்பத்தில் தொடர்வதும் உண்டு என்பதால், உன் தங்கையைப் புதன்கிழமை நானே படம் எடுக்க அழைத்துப்போகிறேன். உன்னுடையது கைக்கு வந்ததும், வண்ணப் பக்கம் தெளிவாகத் தெரியும்படி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா