கண்டதை நோயாளியிடம் சொல்லுங்கள்: யாழ்ப்பாணத்துச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அவர்களுக்கு,

வணக்கம். எக்ஸ்ரே அல்லது ஸ்கான் அறிக்கையில் எதிர்பாராத, பாரதூரமான விடயம் ஏதும் எழுதப்பட்டால், அதை அந்த நோயாளிக்கு நேரடியாக அறிவிக்க ஓர் ஒழுங்கைச் செய்து தாருங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். புதிய இயந்திரமோ புதிய கட்டடமோ கேட்டு வரவில்லை.

அரச வைத்தியசாலைகளின் கதிரியல் பிரிவுகள் படும் பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன வைத்தியர்களின் வேலையும் இருப்பவர்களின் தலையில்தான் விழுந்திருக்கிறது. படங்கள் குவிகின்றன, அறிக்கைகள் பிந்துகின்றன. பிந்துவதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். எழுதி முடித்துக் கையொப்பமும் இட்ட அறிக்கை எவர் கண்ணிலும் படாமல் கோப்புக்குள் போய்ச் சேர்வதை எப்படிப் பொறுப்பது?

என் அப்பா வடமராட்சியில் புகையிலை பயிரிட்டவர். சுருட்டும் பிடித்தவர். சென்ற ஆண்டு ஹேர்னியா சத்திரசிகிச்சைக்காக விடுதியில் அனுமதித்தார்கள். மயக்க மருந்து கொடுக்குமுன் வழக்கம்போல நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை விடுதியில் தூக்கிப் பார்த்தார்கள், மயக்கம் கொடுக்கத் தடையில்லை என்றார்கள். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. துண்டு வெட்டி, அதாவது விடுதியிலிருந்து விடுவித்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பின்னர்தான் கதிரியல் நிபுணரின் அறிக்கை விடுதிக்கு வந்திருக்கிறது. வலது நுரையீரலின் மேற்பகுதியில், காறையெலும்பின் நிழலோடு சேர்ந்தாற்போல், ஏறத்தாழ இரண்டு சென்றிமீற்றரில் ஒரு கணு (சிறு கட்டி போன்ற நிழல்) இருப்பதாகவும், சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தாளை யாரோ ஒழுங்காகக் கோப்பில் குத்தி வைத்தார்கள். கோப்பு ஆவண அறைக்குப் போனது.

அந்த நிழலைக் கண்டுபிடித்த நிபுணரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நெஞ்சு எக்ஸ்ரே என்பது முன்னும் பின்னுமாக உள்ள உறுப்புகள் எல்லாம் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் நிழல். நுரையீரலின் உச்சியை மறைத்துக் காறையெலும்பும் முதலாம் விலா எலும்பும் போகின்றன. இதயத்துக்குப் பின்னாலும் நுரையீரல் இருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டின் வளைவுக்குக் கீழும் அதன் ஒரு பகுதி இறங்கி நிற்கிறது. கணுக்கள் கண்ணுக்குத் தப்பும் இடங்கள் இவைதான். இவற்றைத் தேடிப் பார்க்கப் பழகிய கண்ணுக்கே அவை அகப்படும். அகப்பட்டாலும் அது என்னவென்று படத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. எங்கள் நாட்டில் ஆறிப்போன பழைய காசநோய்த் தழும்பும் நுரையீரலின் மேற்பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கும். முதலாம் விலா எலும்பின் பொருத்து தடித்திருந்தாலும் கணுவைப் போலவே தெரியும். பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அப்பாவிடம் அது இல்லை. ஆகவேதான் நிழலைக் குறுக்குவெட்டாகப் பிரித்துக் காட்டும் சி.ரி. ஸ்கானை அந்த நிபுணர் கேட்டார். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். ஒரு மனிதரின் பல ஆண்டுப் படிப்பும் பயிற்சியும் அந்த இரண்டு வரிகளில் இருந்தன. அவற்றை என் அப்பாவிடம் கொண்டுவந்து சேர்க்க எவரும் இருக்கவில்லை.

அடுத்த மாரியில் அப்பா இருமலோடு இரத்தம் துப்பினார். திரும்பவும் அனுமதித்தார்கள். பழைய கோப்பை வரவழைத்துப் புரட்டிய இளம் வைத்தியர் ஒருவர் அந்தத் தாளைக் கண்டார். மறைக்காமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருடைய நேர்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அறிக்கையின் திகதியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அப்பா ஹேர்னியா காயம் ஆறித் தோட்டத்துக்குப் போகத் தொடங்கிய நாட்கள் அவை. காலையில் சைக்கிளில் போவார், மாலையில் கோயிலடியில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். நல்ல உடல்நிலையில் இருந்தார். சத்திரசிகிச்சையைத் தாங்கும் உடல் அது. இப்போது நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் ஈரலிலும் புற்றுநோய் பரவியிருக்கிறது. வெட்டி அகற்றும் கட்டம் கடந்துவிட்டது என்கிறார்கள்.

அப்பாவுக்கு விடயத்தைச் சொன்னேன். சொல்லாமல் விட என் மனம் இடம் கொடுக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. "அப்படியென்றால் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறதுதானே, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்" என்றார். இதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆகவே அவருக்காக நான் உங்களைக் கேட்கிறேன். அனுமதிக்கும்போது எங்கள் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி எடுத்தீர்கள் அல்லவா? அந்த எண்ணை ஒரு தடவை அழுத்த யாருக்குப் பொறுப்பு இருந்தது? விடுதி வைத்தியருக்கா, கதிரியல் பிரிவுக்கா, அறிக்கையைக் கோப்பில் சேர்த்த ஊழியருக்கா? விசாரித்த இடமெல்லாம் அடுத்த அறையைக் காட்டினார்கள். எவரையும் தண்டிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பொறுப்பு யாருக்கும் இல்லாதபடி வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

மனிதரைத் தேடிப் போய்ச் சேதி சொல்ல எங்கள் சுகாதாரத் துறைக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவருக்கு டெங்கு என்று வைத்தியசாலை அறிவித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டு வாசலுக்கு வருகிறார், கிணற்றடியையும் பூச்சாடியையும் பார்க்கிறார். காசநோயாளி மருந்தை இடையில் நிறுத்தினால் தேடி வருகிறார்கள். கர்ப்பிணிப் பெண்ணைக் குடும்பநல உத்தியோகத்தர் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து பார்க்கிறார். போர்க் காலத்திலும் இந்த மண்ணில் இந்த வேலைகளைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேரைக் கண்டுபிடிக்க முடிந்த துறைக்கு, நுரையீரலில் கணுவோடு தோட்டத்துக்குப் போய்வந்த ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது ஏன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயந்திரம் வாங்க வேண்டும் என்றால் எங்கள் மக்கள் கொடுக்கிறார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழருமாக நடந்து வந்து நிதி சேர்த்தார்கள். புலம்பெயர்ந்த உறவுகள் இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் திறப்பு விழா நடக்கிறது, நாடா வெட்டுகிறார்கள், படம் பத்திரிகையில் வருகிறது. அந்த இயந்திரம் கண்டுபிடித்துச் சொல்வதை நோயாளியிடம் கொண்டுபோகும் வேலைக்கு மட்டும் ஆள் இல்லை, விழா இல்லை, நிதி இல்லை. அறிக்கையோ முழுவதும் ஆங்கிலத்தில். தோட்டம் செய்யும் ஒருவர் கையில் அது கிடைத்தாலும் அவருக்கு அதனால் என்ன பயன்? இதே யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நுரையீரலையும் ஈரலையும் தமிழில் படித்து வைத்தியரானவர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். இன்று "உங்கள் நெஞ்சுப் படத்தில் ஒரு கணு தெரிகிறது, உடனே வாருங்கள்" என்று தமிழில் ஒரு வரி எழுதித் தர இத்தனை தயக்கம் வேண்டியதில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன்.

பாரதூரமான விடயத்தைக் காணும் கதிரியல் நிபுணர் அந்த அறிக்கையில் ஓர் அடையாளம் இடட்டும். அப்படி அடையாளமிட்ட அறிக்கைகளுக்கென்று ஒவ்வொரு கதிரியல் பிரிவிலும் தனிப் பதிவேடு ஒன்று இருக்கட்டும். யார், எப்போது, எந்த எண்ணில் நோயாளியோடு பேசினார் என்பதை அதில் எழுதிக் கையொப்பம் இடட்டும். தொலைபேசியில் பிடிக்க முடியாவிட்டால் முகவரி இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். அறிக்கை வருமுன் துண்டு வெட்ட நேர்ந்தால், "எக்ஸ்ரே அறிக்கை இன்னும் வரவில்லை, இந்தத் திகதியில் வந்து கேளுங்கள்" என்று அந்தத் துண்டிலேயே தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். பிரிட்டனில் கதிரியல் வைத்தியர்களின் ரோயல் கல்லூரி இத்தகைய அறிவித்தலுக்கு வழிகாட்டல்களே வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பும் எங்கள் நிபுணர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அவர்களையே அழைத்துக் கேளுங்கள், ஒழுங்கை அவர்களே எழுதித் தருவார்கள்.

இந்த ஒழுங்கால் என் அப்பாவுக்கு இனிப் பயன் இல்லை என்பதை அறிவேன். ஆனால் இன்றும் ஆவண அறைகளில், நோயாளிக்குச் சொல்லப்படாத அறிக்கைகள் வேறு கோப்புகளிலும் கிடக்கக்கூடும். கடந்த இரண்டு ஆண்டுகளின் நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கைகளையாவது ஒரு தடவை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். "சி.ரி. ஸ்கான் தேவை" என்று எழுதப்பட்டு, ஸ்கான் எடுக்கப்படாமல் விடப்பட்டவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பதிவேடு எந்தத் திகதியில் தொடங்கும், அதற்குப் பொறுப்பான அலுவலர் யார் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஒரு நோயாளியின் மகள்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.