டயாலிசிஸ் நோயாளிகள் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள், உடன் வந்திருக்கும் குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம். காலை ஷிப்ட் முடித்துக் கையில் பிளாஸ்திரியோடு நேராக வந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் நீட்டாமல் வாசிக்கிறேன்.

மாதம் ஒரு கூட்டம் என்று வைத்திருந்தோம், மழையால் ஒன்று மட்டும் நின்றுபோனது. கும்பகோணத்தைத் தாண்டி பாபநாசம், வலங்கைமான் பக்கமிருந்தும் புது உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் போனவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். பக்கத்துக் கட்டிலில் வாரம் தவறாமல் படுத்திருந்தவர்கள் அவர்கள்.

சரி, இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலை அந்த நோட்டுதான். டிரை வெயிட் (அதாவது உடம்பில் தேங்கிய தண்ணீர் இல்லாதபோது இருக்கும் எடை), மெஷினில் போடும் முன் எடை, முடிந்தபின் எடை, எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள், பிபி எவ்வளவு, இதை ஒவ்வொரு தடவையும் நம் கையால் நாமே எழுதுவது. மெஷின்காரர்கள்தான் எழுதுகிறார்களே, நாம் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பு நான் டயாலிசிஸுக்குப் போன இடத்தில் பசி திரும்பி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து, உடம்பு தேறி, சட்டை இறுக்கமாகிவிட்டது. ஏறிய எடை முழுவதும் தண்ணீர் என்று நினைத்து பழைய டிரை வெயிட்டுக்கே இறக்கினார்கள். மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி, பிபி விழுந்து, கண் இருட்டிவிட்டது. சட்டை இறுகியது எனக்குத் தெரியும், அதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் எடுத்தால் இதயத்துக்கு ஆகாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 50 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்தில் 2.6 லிட்டர். மெஷினில் அதைவிட அதிகமாக வைத்தால், 'ஏன் சார், டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடலாமா' என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தை, காலையும் இரவும் தொட்டுப் பார்க்கச் சொன்னோம் அல்லவா, வலங்கைமான் அக்கா ஒருவர் இரவு படுக்கும்போது அந்த விர்ரென்ற அதிர்வு இல்லை என்று கண்டுபிடித்து, விடியும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிட்டார். பிஸ்டுலா தப்பியது. பிஸ்டுலா உள்ள கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யார் வந்தாலும் விடாதீர்கள்.

சமையல் கூட்டத்தில் ஒரு உறுப்பினரின் மனைவி சொன்னது எல்லோருக்கும் பிடித்துப்போனது. டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிடுகிறார், கணவர் டீ குடித்தாலும் ரசம் ஊற்றினாலும் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுகிறார், சாயங்காலம் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அப்புறம், சோடியம் குறைந்த உப்பு நல்லது என்று கடையில் கொடுப்பதை நாம் வாங்கவே கூடாது, பெரும்பாலும் அதில் சோடியத்துக்குப் பதில், நம் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம்தான் இருக்கும். இளநீரும் அப்படியே, வெயிலுக்கு எவ்வளவு இதமாக இருந்தாலும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள், விசாரியுங்கள். டயாலிசிஸுக்காக ரயிலில் போனால் ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை, துணைக்கு வரும் ஒருவருக்கும் உண்டு. ஒரு பெரியவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சென்னையில் மகள் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தார். அங்கே ஒரு மையத்தில் முன்கூட்டியே பேசி, மஞ்சள் காமாலை, எச்ஐவி பரிசோதனை முடிவுகளை அனுப்பி இடம் வாங்கினோம். பேரனுடன் கடற்கரையில் எடுத்த படத்தைப் போன கூட்டத்தில் எல்லோரிடமும் காட்டினார். இன்னும் பலரை இப்படி அனுப்பி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நடக்காமல் போனது மாலை ஷிப்ட். வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் வாரத்தில் மூன்று நாள் சம்பளத்தை இழக்கிறார்கள், சிலர் அதற்காகவே இரண்டு தடவையாகக் குறைத்துக்கொள்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. புது மனு வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.