கமடோர் வாங்கிய சேகருக்கு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதமும் போட்டோவும் கிடைத்தன. ஐம்பத்து நாலு வயதில் எண்பதுகளின் வீட்டுக் கணினியான கமடோர் 64 ஒன்றை வாங்கி, அதைப் பேரக்குழந்தை மாதிரி மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள உன்னால்தான் முடியும். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுதவில்லை. புரிகிறது.

"என்னுடையதில் மூன்று குரல், எட்டு ஸ்பிரைட் (தனியாக நகர்த்தக்கூடிய சின்னப் படம்), பதினாறு நிறம். உன் பழைய ஸ்பெக்ட்ரம் கணினியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். சத்த விஷயத்தில் நான் வாதாடவே வரவில்லை. உன் சிட் என்கிற ஒலிச் சில்லு பாடும், என் பீப்பர் என்கிற குட்டி ஒலிபெருக்கி கொசு மாதிரி ரீங்காரமிடும். அந்த ரீங்காரத்தையும் பிராசஸரே உட்கார்ந்து தட்டித் தட்டி எழுப்பவேண்டும், அதுவரை மற்ற வேலையெல்லாம் நிற்கும். சாவிப் பலகையைப் பற்றியும் பேச்சில்லை. நாற்பது அழிரப்பர்களை வரிசையாக ஒட்டிவைத்தது போல இருக்கும்.

என் திரையில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும் நிறச் சண்டை பற்றிக் கேலி செய்திருக்கிறாய். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்தக் குறை எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது! சித்தப்பா லண்டனிலிருந்து ஸ்பெக்ட்ரத்தோடு ஒரு சின்னக் கறுப்பு-வெள்ளை டிவியும் கொண்டுவந்தார், ஞாபகமிருக்கிறதா? எல்லாமே சாம்பல் நிறம். போன வருஷம் முதல்முறையாகக் கலர் டிவியில் மாட்டினேன். வெள்ளை மனிதன் பச்சை மரத்தின் பக்கம் போனான், பாதி உடம்பு பச்சையாகிவிட்டது. மரத்தைத் தாண்டியதும் மறுபடி வெள்ளை. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம்தான் என்பதால் வருகிற வினை. ஆனால் அந்தக் கஞ்சத்தனத்தால்தான் புள்ளிகளுக்கு 6144, நிறத்துக்கு 768 என்று முழுத் திரையும் 6912 பைட்டில் அடங்கியது. 1982-இல் 16 கே நினைவக மாடலை 125 பவுண்டுக்கும் 48 கே மாடலை 175 பவுண்டுக்கும் விற்கவேண்டுமென்றால் எங்கேயாவது கை வைத்துத்தானே ஆகவேண்டும்? உன் கமடோர் அதே வருஷம் அமெரிக்காவில் 595 டாலர்.

வேகம் பற்றியும் எழுதியிருந்தாய். என்னுடையது 3.5 மெகாஹெர்ட்ஸ், உன்னுடையது ஒன்றுதான் என்று மார்தட்ட ஆசை. ஆனால் என் பிராசஸர் இசட்80 ஒரு சின்ன வேலைக்கே குறைந்தது நாலு கடிகாரத் துடிப்பு எடுக்கும், உன் பிராசஸர் 6510 இரண்டிலேயே முடித்துவிடும். அதனால் வித்தியாசம் எண்ணில் தெரிகிற அளவுக்கு இல்லை.

அப்புறம் புரோகிராம் ஏற்றுகிற கேசட். இங்கே நீ கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம். டர்போ என்கிற வேக ஏற்றி இல்லாத உன் கேசட் வேகத்தைவிட என் 1500 பாட் (வினாடிக்கு அத்தனை பிட்) பல மடங்கு. டிஸ்க் டிரைவ் வாங்கியிருக்கிறாயே, அந்த 1541-உம் வினாடிக்குச் சுமார் நானூறு பைட்தான். ஆனாலும் டேப் ரெக்கார்டர் சத்தத்தை ஒரு மயிரிழை கூட்டிக் குறைத்து, திரை ஓரத்தில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்து உட்கார்ந்ததை நான் சுகம் என்று சொல்லமாட்டேன். நாலு நிமிஷம் ஓடி, கடைசி நிமிஷத்தில் 'ஆர் டேப் லோடிங் எரர்' என்று வரும். அம்மா மிக்ஸி போட்டதால்தான் என்று அன்று சண்டை போட்டேன். அவள் மேல் தப்பே இல்லை, கேசட்டை வெயிலில் வைத்தவன் நான்.

நாம் இருவருமே தோற்றுப்போகிற இடம் ஒன்று உண்டு. நம் பள்ளியில், பள்ளிகளுக்குக் கணினி கொடுத்த அரசின் கிளாஸ் திட்டத்தில் வந்த பி.பி.சி. மைக்ரோ. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசஸர், பேசிக் மொழியிலேயே பெயர் வைத்து அழைக்கிற ப்ரொசீஜர், அதற்குள்ளேயே இயந்திர மொழி எழுத அசெம்ப்ளர், பின்னாலும் அடியிலும் எதை மாட்டவேண்டுமென்றாலும் ஒரு துளை. அதைச் செய்த ஏக்கார்ன் கம்பெனிக்காரர்கள் 1985-இல் தங்கள் முதல் ஆர்ம் பிராசஸர் சில்லை ஓட்டிப் பார்த்ததே இதில் மாட்டித்தான். குறை என்றால் நினைவகம். 32 கே-யில் நுண்ணிய திரை ஒன்றே 20 கே விழுங்கிவிடும், மிச்சத்தில் என்ன எழுதுவது? நமக்கு அந்தக் கவலைகூட வரவில்லை. செருப்பை வாசலில் விட்டு, மூன்று பேருக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வாரம் ஒரு தடவை இருபது நிமிஷம். மற்ற நேரமெல்லாம் பூட்டு.

என் ஸ்பெக்ட்ரத்துக்குப் பூட்டு இல்லை, அதுதான் எனக்குப் பெரிது. இன்னொன்று, அதன் பேசிக். 'ஜே'யைத் தட்டினால் 'லோட்' என்று முழுச் சொல்லே விழும். 'சர்க்கிள்' வேண்டுமென்றால் இரண்டு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தி, பிறகு சிம்பல் ஷிஃப்டோடு 'எச்'. விரல் சுளுக்கிக்கொள்ளும்தான். ஆனால் பக்கத்தில் நடுப்புள்ளியும் ஆரமுமாக 128, 88, 80 என்று போட்டால் திரை நடுவில் வட்டம் வந்து நிற்கும். உன் கமடோர் பேசிக்கில் வட்டமும் இல்லை, கோடும் இல்லை. இவ்வளவு நல்ல சில்லுகளை வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் நினைவகத்தில் எண்ணைத் திணிக்கும் 'போக்' கட்டளை போட்டு எண்ணை மனப்பாடம் செய் என்றால் என்ன நியாயம்?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய். வேறு எதையும் ஏற்றாமல், பெட்டியோடு வந்த பேசிக்கில் மட்டும் ஒரு வட்டம் போடு. எத்தனை வரி ஆயிற்று, திரையைத் துடைக்கவே எத்தனை நொடி ஆயிற்று என்று மறைக்காமல் எழுது. என்னுடையது ஒரு வரி.

அன்புடன்,
பாலு