மறுநடவு முடியும் வரை குடும்பம் எப்படி ஓடும்?

ஆசிரியருக்கு வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே கேரள எல்லையை ஒட்டி மூன்று ஏக்கரில் எண்ணெய்ப்பனை வைத்திருக்கிறோம். அப்பா நட்ட மரங்களுக்கு வயது 25 தாண்டிவிட்டது, நீளக் குழாயில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து அண்ணாந்து வெட்டியும் பாதிக் குலை எட்டவில்லை. சரி, அழித்துவிட்டுப் புதுக் கன்று வைக்கலாம் என்றால் குலை தள்ள மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை? பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டி வந்த பணத்தில்தான் மளிகைக் கடை பாக்கி, மகளின் பஸ் காசு எல்லாமே நடந்தது.

2021-ல் வந்த மத்திய அரசின் எண்ணெய்ப்பனைத் திட்டத்தில் பழைய தோட்டத்தைப் புதுப்பிக்கக் கன்றுக்கு 250 ரூபாய் அறிவித்தார்கள். ஏக்கருக்கு 57 கன்று, அதாவது 14,250 ரூபாய். மரத்தைத் தள்ளிக் குழி எடுக்கும் ஜேசிபி வாடகையே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பராமரிப்புக்கும் ஊடுபயிருக்கும் நான்கு வருட உதவி உண்டுதான், ஆனால் அடுப்பு எரிவது தினமும் அல்லவா?

நாங்கள் ஒரு ஏக்கரை மட்டும் அழித்துக் கன்றுக்கு இடையே வாழை போட்டோம், போன வாரம் காட்டுப்பன்றி புகுந்து நாற்பது வாழையைத் தோண்டிப் போட்டுவிட்டது. உதவித் தொகையை மாதாமாதம் பிரித்துத் தாருங்கள், கடன் தவணையை முதல் குலை வெட்டிய பிறகு தொடங்குங்கள், கேட்பது இவ்வளவுதான்.

ஒரு சிறு விவசாயி,
செங்கோட்டை