வேங்கைப் பிசினுக்கு ஒரு மேசை

நீலகிரி மாவட்டச் சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

மே மாதம் மகளோடு கோத்தகிரி வந்திருந்தேன். தங்கிய விடுதியில் ‘பழங்குடி முகமூடி ஓவியப் பயிற்சி’ என்று பலகை. ஆளுக்கு அறுநூறு ரூபாய். காகிதக்கூழ் முகமூடியும் அக்ரிலிக் டப்பாக்களும் கொடுத்து, “இந்த மலையோட ஆதி கலை” என்றார் சொல்லிக்கொடுத்த தம்பி. “அண்ணா, இது எந்தச் சாமி?” என்று மகள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பெட்டியில் வந்ததைத்தானே பிரித்து வைத்தார்.

முகமூடிக்கென்றே வாழும் ஊர் ஒன்று உண்டு, மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தின் சரிடா. களிமண் அச்சின் மேல் காகிதமும் துணியும் அடுக்கி ஒட்டி, சௌ என்னும் முகமூடி ஆட்டத்துக்கு முகம் செய்யும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. 2018இல் அந்த முகமூடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கிருந்தோ வந்த அச்சில் வண்ணம் பூசி அதற்கு நீலகிரிப் பழங்குடியின் பெயரை வைப்பது பெரிய அநியாயம்.

மறுநாள், இந்த மலையின் பழங்குடிகளில் ஒருவரான குறும்பர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் படம் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். வண்ணத்துக்கு எடுத்த வேங்கை மரத்துப் பிசின் கருப்பட்டிச் சில்லு போல இருந்தது. தண்ணீர் பட்டதும் செம்பழுப்பாகக் கரைந்தது. கறுப்புக்குக் கரி, பச்சைக்கு இலைச்சாறு. பாறையில் தொங்கும் கொடி ஏணி, அதில் தேன் எடுக்கும் ஆள், சுற்றிலும் புள்ளிப் புள்ளியாகத் தேனீ. அந்த ஆளுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, வாயும் இல்லை. மகள்தான் முதலில் கவனித்தாள். இவர்கள் பேரைச் சொல்லியா முகமூடி விற்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வெள்ளரிக்கொம்பை என்னும் குறும்பர் ஊருக்குப் பக்கத்தில், பழைய பாறை ஓவியங்கள் உள்ள எழுத்துப்பாறை இருக்கிறது. அங்குள்ள ஓவியங்களைத் தம் முன்னோர் கை என்று போற்றுகிறவர்கள் இவர்கள். முன்பு வீட்டுச் சுவரில் எழுதியதை இப்போது காகிதத்திலும் துணியிலும் எழுதுகிறார்கள். எழுதத் தெரிந்தவர்களோ மிகச் சிலர்.

உங்களிடம் கேட்பது இதுதான். கோடை விழா நாட்களில், மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் கூடும் தாவரவியல் பூங்காவில், குறும்பர் ஓவியர்களுக்கு ஒரு மேசை போடுங்கள். கட்டணத்தை அவர்களே சொல்லட்டும், முழுப் பணமும் அவர்கள் கைக்கே போகட்டும். பிசின் எடுக்க வனத்துறையிடம் பேசி வழி செய்யுங்கள். பழங்குடி பெயரில் பயிற்சி நடத்தும் விடுதிகள், எந்தச் சமூகத்தின் கலை, யார் கற்பிக்கிறார், அவருக்கு எவ்வளவு பங்கு என்று பலகையில் எழுதியாக வேண்டும் என உத்தரவிடுங்கள். தோடர் பழங்குடியினரின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது. உங்களால் முடியும்.

அடுத்த மே மாதமும் வருவோம். அந்த மேசையில் முதல் ஆளாக உட்கார மகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து வந்துபோன ஒரு பயணி