இக்கோமாஸ் தேர்தல்: 18 வாக்குகள் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நினைவுச்சின்னங்களுக்கும் தலங்களுக்குமான சர்வதேச மன்றமான இக்கோமாஸ், 2023-ல் சிட்னியில் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவின் மூன்றாண்டுக் காலம் 2026-ல் முடிகிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு வரும் பண்பாட்டுத் தலங்களை ஆராய்ந்து பரிந்துரை சொல்வது இந்த மன்றம்தான். 1987-ல் தஞ்சைப் பெரிய கோயில், 2004-ல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும், 2025-ல் மராட்டியக் கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி என எல்லாமே இவர்களின் மதிப்பீட்டுக்குப் பிறகே பட்டியலில் ஏறின. அதனால் இந்தத் தேர்தல் நமக்கும் சம்பந்தப்பட்டது.

இலங்கையின் ரோலண்ட் சில்வா 1990 முதல் 1999 வரை தலைவராக இருந்தார். அடுத்து மிக்கேல் பெட்செட் 2008 வரை, குஸ்தாவோ அராஓஸ் 2017 வரை. மூவரும் ஆளுக்கு ஒன்பது ஆண்டு. 2017 டிசம்பரில் டெல்லியில் கூடிய பொதுப் பேரவையில் தேர்வான தோஷியுகி கோனோ மூன்று ஆண்டுகளே இருந்தார். 2020-ல் தெரேசா பாட்ரிசியோ வந்தார். தலைமை மாறுவதில் தவறில்லை. மாறும் நேரம்தான் இடிக்கிறது. ஒரு தலத்தைப் பட்டியலில் சேர்க்கக் கோரும் நியமனக் கோப்புகள் பிப்ரவரி 1-க்குள் வரவேண்டும். ஆண்டின் பிற்பகுதியில் நிபுணர்கள் தலத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள். ஆண்டு முடியும் வேளையில் மதிப்பீட்டுக் கூட்டம். ஜனவரி 31-க்குள் இடைக்கால அறிக்கை. பிப்ரவரி இறுதிக்குள் நாடுகள் கூடுதல் தகவல் தரவேண்டும். டெல்லித் தேர்தலும் சிட்னித் தேர்தலும் இந்தச் சுற்றின் நடுவில்தான் விழுந்தன. பாதிக் கோப்பு நடந்துகொண்டிருக்கையில் பொறுப்பாளர்கள் மாறுகிறார்கள். எனவே யார் வருகிறார்கள் என்பதோடு, பழைய குழுவில் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்பதையும் பார்த்து வாக்களிக்க வேண்டும்.

ஆனால் அந்த வாக்கு யாரிடம் இருக்கிறது? ஒரு நாட்டின் இக்கோமாஸ் உறுப்பினர்கள் அடங்கிய தேசியக் குழுவில் நூறு பேர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் பேரவையில் அதிகபட்சம் 18 வாக்குகள்தான். பெரிய நாடுகள் சிறிய நாடுகளை அமுக்கிவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. சிக்கல் ப்ராக்ஸியில் வருகிறது. வரமுடியாத வாக்காளர் தம் குழுவைச் சேர்ந்த இன்னொருவருக்கு வாக்கை ஒப்படைக்கலாம்; ஒருவர் தம் வாக்கு தவிர ஐந்து வாக்குகள் வரை ஏற்கலாம். கணக்குப் போட்டால் மூன்று பேர் போனாலே 18 வாக்கும் விழுந்துவிடும். ஒருவர் மட்டும் போனால் ஆறு வாக்குதான், மீதி 12 வீண். பயணச் செலவு தாங்காத குழுக்கள் இப்படித்தான் பலம் இழக்கின்றன. மூவரில் ஒருவருக்கு விசா தாமதமானால், அவர் பெயருக்கு எழுதிய ப்ராக்ஸிகளும் அவரோடு ஊரிலேயே தங்கிவிடும். 2020-ல் கொரோனாவால் பேரவை இணையவழியே கூடியபோது இந்தக் கஷ்டம் இல்லை. அந்த வசதியை விட்டுவிடக் கூடாது.

இந்திய, இலங்கைத் தேசியக் குழுக்கள் சில வேலைகளை இப்போதே முடிக்கவேண்டும். சந்தா பாக்கி வைத்திருக்கும் ஒருவரை வாக்காளராகப் போட்டால் அந்த இடம் பறிபோகும்; முதலில் அதைச் சரிபாருங்கள். நேரில் போவதானால் மூவருக்குப் பதில் நால்வரை அனுப்பி, 14 ப்ராக்ஸிகளை அவர்களுக்குள் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் தடைப்பட்டாலும் இழப்பு குறையும். பயணிகளின் விசா கைக்கு வந்த பிறகே ப்ராக்ஸிப் படிவத்தில் பெயர் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 18 பேர் எப்படித் தேர்வானார்கள், எந்த வேட்பாளரை எதற்காக ஆதரிக்கிறார்கள் என்பது சாதாரண உறுப்பினருக்குத் தெரியவேண்டும். வேட்பாளர் அறிக்கைகள் வந்ததும் உறுப்பினர் கூட்டம் கூட்டி விவாதித்து, வாக்காளர் பட்டியலைப் பேரவைக்கு இரண்டு மாதம் முன்பே எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பும்படி இரு குழுக்களின் பொறுப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்